ஷார்தனின் பாஸ்டலைக் கடன் கேட்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கண்காட்சி அமைப்பாளர்களுக்கு வணக்கம்.

பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்திலுள்ள, பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியர் ஷார்தனின் தன்னுருவப் படங்களை நீங்கள் கடன் கேட்பது இயல்புதான். 1771-இல் மூக்குக்கண்ணாடியோடு ஒன்று; 1775-இல், கண்கூசாமலிருக்க நெற்றிக்கு மேல் ஒரு மறைப்பைக் கட்டிக்கொண்டு இன்னொன்று. ஆனால் இவை எண்ணெய் ஓவியங்கள் அல்ல; பாஸ்டல் என்னும் வண்ணக்குச்சியால் வரைந்தவை, தாளில் தங்கியிருக்கும் தூள்.

பாஸ்டல் குச்சியில் இருப்பது நிறமி, சுண்ணம், மிகக் கொஞ்சம் பிசின். பிசின் கூடினால் குச்சி இறுகி, தாளில் வண்ணம் ஒட்டாது. ஆகவே வண்ணத்தைப் பிடித்து வைத்திருப்பது பசையல்ல, தாளின் சொரசொரப்பு. அக்காலத்தில் அந்தத் தாளைப் பெரும்பாலும் துணியில் ஒட்டி மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டினார்கள். லாரி குலுங்கும்போது அது பறைத்தோலாக அதிரும். பெட்டியைத் திறந்ததும் சட்டத்தின் கீழ்விளிம்பில் மெல்லிய வண்ணப்பொடி கிடந்தால், முகத்தில் கொஞ்சம் போய்விட்டது என்று பொருள்.

‘ஃபிக்சேட்டிவ் (தூளை ஒட்டவைக்கும் தெளிப்புத் திரவம்) அடித்துவிடலாமே’ என்பார்கள். அடித்தால் துகள்களுக்கிடையே இருந்த காற்றின் இடத்தைத் திரவம் பிடித்துக்கொள்ளும்; வெள்ளை மங்கும், நிழல் கறுக்கும். எடை குறையட்டும் என்று படத்தின் மேல் கண்ணாடிக்குப் பதில் சாதாரண அக்ரிலிக் தகடு போட்டாலோ, துடைக்கும்போது ஏறும் நிலைமின்சாரம் தூளை மேலே இழுத்துவிடும். ஒளி மங்கலாக, 50 லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு) இருந்தால் போதும். ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சை வரும்.

இந்தப் படங்களில் ஒரு சிட்டிகை தூளும் பெரிய இழப்பு. ஷார்தன் வண்ணங்களை விரலால் தேய்த்துக் குழைத்துவிடாமல், பல இடங்களில் கோடு கோடாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தள்ளி நின்று பார்த்தால்தான் அவை தோலாகும். மறைப்பு கட்டிய முகத்தில் மூக்குத்தண்டின் மேல் விழும் ஒளியைப் பிரெஞ்சு ஓவியர் செசான் 1904-இல் ஒரு கடிதத்தில் சுட்டிக்காட்டினார். அவர் கண்ட அந்த ஒளி சில கீற்றுகள்தான்.

விளக்க அட்டையில் ‘முதுமைக்காலப் பொழுதுபோக்கு’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நாற்பதாண்டுகளுக்கு மேல் எண்ணெயில் வரைந்தவர், கண் கெட்டபின் எழுபது வயதுக்கு மேல் கருவியை மாற்றினார். பொய்முடியும் பட்டாடையும் இல்லாமல், தலைத்துணியும் கண்ணாடியுமாக, வேலை செய்யும் கோலத்திலேயே நம்மைப் பார்க்கிறார்.

ஷார்தன் வேண்டுமென்றால் அவருடைய எண்ணெய் ஓவியம் ஒன்றைக் கேளுங்கள். அது பயணத்தை இன்னும் நன்றாகத் தாங்கும். பாஸ்டல்தான் வேண்டுமென்றால், முகம் மேலே பார்க்க, கிடைமட்டமாக, அதிர்வு தாங்கும் பெட்டியில் வரட்டும். அடுத்த அறையில் சுவரைத் துளைக்கும் வேலை முடியும்வரை மாட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
தாள் ஓவியப் பாதுகாப்புப் பணியில் இருப்போர்