செயலாளரின் ஆண்டறிக்கை: காற்றோடு நாம் பழகிய ஓராண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர், புதுவயல் பகுதிகளிலிருந்து வந்திருக்கும் சங்கத்து அண்ணன் தம்பிகளே, ஆச்சிமார்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் தவறாமல் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஆயுத பூஜை வழக்கம்போல் பட்டறையிலேயே நடந்தது. இந்த ஆண்டின் பெரும்பகுதி நம் சங்கத்து டிராக் காரில்தான், அதாவது குறுகிய நேர்பாதையில் வேகப் பந்தயம் ஓடும் காரில்தான் போனது. ஆகவே இந்த அறிக்கையும் அதைப் பற்றியதே.

பழைய மாருதி எஸ்டீமை வாங்கி, உள்ளே இருந்ததையெல்லாம் கழற்றி, பாதுகாப்புக் கூண்டு வெல்டிங் செய்து, கால் மைல் ஓட்டத்துக்காக, அதாவது 402 மீட்டருக்காக, நாமே கட்டிய வண்டி அது. சென்ற பொதுக்குழுவில் பலர், என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணித்துச் சக்தி கூட்டும் டர்போ போட வேண்டும் என்றீர்கள். அதற்குமுன் காற்றைக் கவனிப்போம் என்று நான் வாதாடினேன். என் வாதம் இதுதான். காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். அதை வெல்லத் தேவையான திறனோ வேகத்தின் கனத்தில், அதாவது மூன்றாம் அடுக்கில் ஏறும். நம் வண்டியின் முகப்புப் பரப்பை, அதன் வடிவம் காற்றை எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் இழுவைக் கெழுவால் பெருக்கி 0.7 சதுர மீட்டர் என்று கொண்டால், 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுக்கு மட்டும் சுமார் 6 குதிரைத்திறன் போகும். 160-இல் அது 48. வேகம் இரண்டு மடங்கு, செலவு எட்டு மடங்கு. புறப்பட்ட முதல் 100 மீட்டரில் டயரின் பிடிப்புதான் எல்லாம், காற்று கணக்கிலேயே வராது. கடைசி 100 மீட்டரில் என்ஜின் சம்பாதிப்பதில் கணிசமான பங்கைக் காற்று வாங்கிக்கொள்கிறது. அந்தப் பங்கில் கொஞ்சத்தை மீட்டாலும், டர்போவுக்குச் செலவழிக்கும் பணம் மிச்சம்.

வண்டிமேல் காற்றை ஓடவிட்டுச் சோதிக்கும் காற்றுச் சுரங்கம் நம்மிடம் இல்லை. கம்பளி நூல் இருந்தது. பள்ளத்தூர் ஆச்சி ஒருவர் ஸ்வெட்டர் பின்ன வைத்திருந்த சிவப்பு நூற்கண்டைக் கொடுத்தார். விரல் நீளத் துண்டுகளாக வெட்டி, பானெட் முதல் டிக்கி வரை வரிசையாக டேப்பால் ஒட்டினோம். தனியார் வளாகம் ஒன்றின் உள்பாதையில், உரிமையாளரின் எழுத்துமூல அனுமதியோடு வண்டியை ஓட்டி, பக்கத்தில் இன்னொரு காரில் சென்று படம் எடுத்தோம். பானெட்டிலும் கூரையிலும் நூல்கள் படிய வாரிய தலைமுடிபோல் நேராகக் கிடந்தன. பின் கண்ணாடியின் கீழ்ப்பாதிக்கு வந்ததும் துடித்தன. சில முன்னோக்கியே திரும்பி நின்றன. காற்று உடலை விட்டுப் பிரிந்து சுழல்வதன் அடையாளம் அது. அந்தப் படங்களைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அத்தனை நாளும் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த ஒன்று முதல்முறையாகத் தெரிந்துவிட்டதே!

வண்டியின் அடிப்பக்கத்துக்கு நூல் உதவாது. அங்கே நம் ஊர்ச் செம்மண் உதவியது. அடியில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு பூசி, புழுதி பறக்கும் பாதையில் இரண்டு முறை ஓட்டிவிட்டு, வண்டியைத் தூக்கிப் பார்த்தோம். காற்று போன வழியெல்லாம் செம்மண் கோடு போட்டிருந்தது. பின் பம்பரின் உட்புறத்தில் கை வைத்தால் விரல் மறையும் அளவுக்குப் புழுதி. அடியில் நுழைந்த காற்றெல்லாம் பம்பருக்குள் அடைபட்டிருக்கிறது. முன்னால் போகிற வண்டிக்குப் பின்னால் ஒரு பாராசூட்டைக் கட்டி இழுத்ததுபோல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறோம்.

இதற்குத் தீர்வு, வண்டியின் அடிப்பக்கத்தை வழவழப்பாக மூடும் அடித்தட்டு. அலுமினியத் தகட்டில் செய்தால் எடை கூடும், ஃபைபரில் செய்தால் பரப்பு வழவழப்பாக வராது, பட்டி பார்த்தே மாதம் போய்விடும் என்று மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தோம். அப்போது ஆத்தங்குடியில் பூப்போட்ட தரைக்கல் செய்யும் நம் உறுப்பினர் ஒருவர், “அண்ணே, நாங்க பூக்கல்லை எதுமேல ஊத்துறோம்? கண்ணாடிமேலதானே?” என்றார். ஆத்தங்குடிக் கல்லின் பளபளப்பு மெருகேற்றி வருவதில்லை. கண்ணாடித் தட்டின்மேல் வண்ணச் சாந்தை ஊற்றுவதால், கண்ணாடியின் வழவழப்பு கல்லின் முகத்துக்கு வந்துவிடுகிறது. அதே முறையில் பெரிய கண்ணாடிமேல் மெழுகு தேய்த்து, ரெசின் பூசி, ஃபைபர் துணியை அடுக்கினோம். மறுநாள் பிரித்தபோது முகம் பார்க்கும் பரப்பு கிடைத்தது. ஒரு வரி பட்டி தேவைப்படவில்லை. சைலன்சர் குழாயை ஒட்டிய பகுதிக்கு மட்டும் அலுமினியத் தகடு, ஏனென்றால் சூட்டில் ரெசின் இளகும். எண்ணெய் கசிந்தால் தேங்கித் தீப்பிடிக்காமல் இருக்க வடிதுளைகளும் வைத்திருக்கிறோம். பின் பம்பரின் கீழ்ப்பகுதியை வெட்டிக் காற்றுக்கு வழி விட்டோம்.

முன்பக்கம் கிரில்லில் பாதியை அடைத்தோம். ரேடியேட்டர் சூடாகாதா என்று கேட்டவர்களுக்கு நம் வீடுகளையே காட்டினேன். முகப்பில் நின்று பார்த்தால் வளவு என்கிற நடுமுற்றம் தாண்டிப் பின்வாசல் வரை தெரிகிற வீட்டில்தான் காற்று ஓடும். பின்வாசலைச் சாத்திவிட்டு முன்வாசலை எவ்வளவு அகலப்படுத்தினாலும் பயனில்லை. ரேடியேட்டருக்கும் இதே கணக்கு. நுழைவாயைச் சுருக்கி, ஓரங்களில் காற்று நழுவாமல் அடைத்து, சூடான காற்று வெளியேற பானெட்டில் வழி வைத்தோம். அந்த வழியை முன்கண்ணாடியின் அடிக்குக் கொண்டுபோகக் கூடாது. அங்கே காற்றழுத்தம் அதிகம், வெளியே போக வேண்டியது உள்ளே திரும்பி வரும்.

இனி என் தவறுகள் இரண்டைச் சொல்ல வேண்டும்.

பின்னால், காற்றைக் கொண்டு வண்டியைக் கீழே அழுத்தும் பெரிய விங் வைக்க வேண்டும் என்று வற்புறுத்தியவன் நான். படங்களில் பார்த்த டிராக் கார்களுக்கெல்லாம் அது இருந்தது. ஆனால் அவற்றில் என்ஜினின் சக்தி பின்சக்கரங்களுக்குப் போகிறது. நம்முடையது முன்சக்கரம் இழுக்கும் வண்டி. பின் அச்சுக்கும் பின்னால் விங் கீழே அழுத்தினால், ஏற்றமரம்போல் முன்பக்கம் எழும்பும். இழுக்க வேண்டிய சக்கரங்கள் பிடிப்பை இழக்கும். வேகம் ஏறியதும் ஸ்டியரிங் கையில் லேசாகிவிட்டது என்று ஓட்டிய தம்பி வந்து சொன்னபோது எனக்கு உடல் நடுங்கியது. அன்றே விங்கைக் கழற்றிவிட்டோம். இப்போது டிக்கி ஓரத்தில் சிறிய உதடு ஒன்றும், முன் பம்பருக்குக் கீழே தடுப்புப் பட்டை ஒன்றும் மட்டுமே உள்ளன. அந்தத் தம்பியிடம் இந்தச் சபையில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது தவறு அளவீட்டில். 80 கிலோமீட்டர் வேகத்தில் நியூட்ரலில் விட்டு, 60-க்கு இறங்க எத்தனை வினாடி ஆகிறது என்று, காற்றின் திசை கணக்கைக் கெடுக்காதபடி இரு திசையிலும் பார்ப்பது நம் சோதனை முறை. வேலைக்கு முன்பு, தை மாதக் காலையில் 18 வினாடி. வேலை முடிந்து அக்னி நட்சத்திரப் பகலில் 21. பெரிய வெற்றி என்று உங்களில் பலருக்குப் போன் செய்து சொன்னேன். அது சரியல்ல. வெயிலில் காற்றின் அடர்த்தி குறையும். டயரும் சூடேறி எளிதாக உருளும். மூன்று வினாடியில் பாதியை வெயில் கொடுத்திருக்கிறது. பிறகு ஒரே காலையில் அடித்தட்டோடு ஒருமுறை, கழற்றி ஒருமுறை, மீண்டும் மாட்டி ஒருமுறை என்று ஓட்டினோம். கிரில் அடைப்பையும் பம்பர் வெட்டையும் சேர்த்து உண்மையான லாபம் ஏறத்தாழ ஒன்றரை வினாடி. சிறியதாகத் தெரியலாம். எனக்கு அது போதும், ஏனென்றால் அது நம்முடையது.

கோவையில் கரிவர்தன் மாருதி 800 என்ஜினை வைத்தே பந்தயக் கார்கள் கட்டினார். அவர் பெயரைத் தாங்கிய ஓடுதளம் செட்டிபாளையத்தில் இருக்கிறது. முறையான ஓட்டத்துக்கு அதுபோன்ற இடங்களுக்கே போவோம். இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் செட்டிநாடு விமான ஓடுதளம் பக்கத்திலேயே இருக்கிறதே, அங்கே ஓட்டலாமே என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். சென்னைக்கு அருகே சோழவரத்தில் அப்படிப்பட்ட பழைய ஓடுதளத்தில்தான் பல ஆண்டுகள் பந்தயம் நடந்தது, உண்மைதான். ஆனால் அனுமதி இல்லாமல் நம் வண்டி அங்கே நுழையாது. திருச்சி – இராமேசுவரம் சாலையில் இரவில் பந்தயம் விட்ட இருவரைச் சங்க உறுப்பினர் பட்டியலிலிருந்து செயற்குழு நீக்கியது. அவர்கள் நல்ல மெக்கானிக்குகள். அந்த முடிவில் எனக்கு வருத்தம் உண்டு, மாற்றமில்லை.

வரும் ஆண்டுக்கு ஒரே ஒரு கோரிக்கை. நான்கு சக்கரங்களின் எடையையும் தனித்தனியே காட்டும் தராசு வாங்கச் சபை ஒப்புதல் தர வேண்டும். முன்சக்கரங்களில் எவ்வளவு எடை நிற்கிறது என்று தெரியாமல் அடுத்த மாற்றம் எதையும் செய்ய நான் சம்மதிக்க மாட்டேன்.

கண்ணாடி கொடுத்த ஆத்தங்குடிப் பட்டறைக்கும், நூல் கொடுத்த ஆச்சிக்கும், ஞாயிறுகளை எல்லாம் எங்களுக்கு விட்டுக்கொடுத்த வீட்டாருக்கும் நன்றி கூறி, இவ்வறிக்கையை ஏற்றருளுமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
காரைக்குடி