நிசேயாவில் பைபிளுக்கு வாக்கெடுப்பு நடக்கவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கி.பி. 325இல் ரோமப் பேரரசின் மன்னர் கான்ஸ்டன்டைன், இன்றைய துருக்கியில் உள்ள நிசேயாவில் ஆயர்களைக் கூட்டி, பைபிளில் எந்தெந்த நூல்கள் இருக்கலாம் என்று முடிவுசெய்ததாகத் தங்கள் இதழின் கட்டுரை சொல்கிறது. நிசேயா சங்கம் எனப்படும் அந்தக் கூட்டத்திலிருந்து நமக்குக் கிடைத்த ஆவணங்களில் அப்படி ஒரு வரிகூடக் கிடையாது.

அவற்றை ஒரே மாலையில் படித்துவிடலாம். விசுவாச அறிக்கை ஒன்று, விதிகள் 20, அலெக்சாந்திரியா சபைக்கு எழுதிய கடிதம், பாஸ்கா (ஈஸ்டர்) தேதி குறித்து மன்னர் அனுப்பிய கடிதம். கிறிஸ்து படைக்கப்பட்டவர் என்ற ஆரியுஸின் போதனையும் எகிப்தில் ஆயர் மெலித்தியுஸ் தரப்பு உண்டாக்கிய பிளவும்தான் பெரிய வழக்குகள். மற்றவை நிர்வாகம். மாதம் நூற்றுக்கு ஒன்று வட்டி வாங்கும் குருக்களை நீக்கச் சொல்கிறது 17ஆம் விதி. (ஒரு வட்டிக்கே இந்தத் தண்டனை!) ஞாயிற்றுக்கிழமை முழந்தாளிட வேண்டாம் என்கிறது 20ஆவது. இவ்வளவு நுணுக்கம் பார்த்தவர்கள் நூற்பட்டியலை மட்டும் விட்டுவைத்திருப்பார்களா?

எதிர்வாதத்துக்கு ஒரு பழைய வரி உண்டு. நிசேயா சங்கம் யூதித்து நூலை வேதநூல்களுள் எண்ணியதாக, பைபிளை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் எழுதியிருக்கிறார். அதுவும் ஒரு நூலைப் பற்றிய பேச்சே, பட்டியல் அன்று. பீடத்தருகே நூல்களைக் குவித்துச் செபிக்க, போலிகள் கீழே போய்விட்டன என்ற கதை 9ஆம் நூற்றாண்டுக் கிரேக்கத் தொகுப்பில் வருவது. 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு எழுத்தாளர் வோல்தேர் அதைக் கிண்டலடித்துப் பரப்பினார். பின்னாளில் கான்ஸ்டன்டைன் 50 வேதப் பிரதிகள் எழுதித் தரச் சொன்னது உண்மை. ஆனால் அந்த ஆணையில் நூல்களின் பெயர்கள் இல்லை.

பட்டியல் எப்படி உருவானது என்று அறிய, எவுசேபியுஸின் திருச்சபை வரலாற்றில் 3ஆம் நூல், 25ஆம் அதிகாரத்திலிருந்து தொடங்கலாம். நான்கு நற்செய்திகளும் பவுலின் கடிதங்களும் அங்கே ஏற்கப்பட்டவை. யாக்கோபு, யூதா, 2 பேதுரு, 2, 3 யோவான் ஆகியவை சர்ச்சைக்குரியவை. திருவெளிப்பாட்டை ஏற்கப்பட்டவற்றிலும் வைக்கிறார், போலிகளிலும் வைக்கிறார், அவருக்கே தெளிவில்லை. சங்கத்தில் உட்கார்ந்திருந்த ஆயர் இவர். அங்கே தீர்ப்பு வந்திருந்தால் தகராறு அதோடு முடிந்திருக்கும். முடியவில்லை. 4ஆம் நூற்றாண்டின் கிரேக்க பைபிள் கையெழுத்தான சினாய்ப் பிரதியில், இன்று பைபிளில் இல்லாத பர்னபா கடிதமும் எர்மாவின் மேய்ப்பர் என்ற நூலும் சேர்ந்தே இருக்கின்றன. இன்றைய புதிய ஏற்பாட்டின் 27 நூல்களும் கூட்டாமல் குறையாமல் வரும் பழைய பட்டியல் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் 367இல் எழுதிய பாஸ்கா கடிதம். அதற்குப் பிறகும் சிரியாக் மொழிப் பைபிளான பெஷித்தாவின் புதிய ஏற்பாட்டில் 22 நூல்கள்தாம்.

பட்டியல்களைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை: ஒரு நூல் ஒரு பட்டியலில் இல்லை என்றால் அது தடைசெய்யப்பட்டது என்று பொருளில்லை. அந்த ஊர்ச் சபையில் அது வழக்கத்தில் இல்லாமலும் இருந்திருக்கலாம்.

கட்டுரைப் பெட்டியில் 325ஆம் ஆண்டினதாக அச்சிட்ட விசுவாச அறிக்கையும் 381ஆம் ஆண்டுச் சங்கத்தின் பெயரில் வழங்குவது. மூல அறிக்கை ‘தூய ஆவியையும் நம்புகிறோம்’ என்பதோடு நின்று, ஆரியுஸ் தரப்பைச் சபிக்கும் வரிகளுக்குப் போய்விடும். திருமுழுக்கு, திருச்சபை பற்றிய வரிகள் அதில் கிடையா. அடுத்த இதழில் இரண்டையும் அருகருகே வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், பாளையங்கோட்டை