நிதி இல்லை என்று அனுப்பினார்கள், அடுத்த மாதமே ஆள் எடுத்தார்கள்: தொழிலாளர் ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தமிழ்நாடு தொழிலாளர் ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். பெருங்குடியில் ஒரு புத்தொழில் நிறுவனத்தில் வேலை பார்த்து, அண்மையில் வெளியேற்றப்பட்டவன் எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயர் இந்த மடலுக்குத் தேவையில்லை. இந்தக் கதை ஒரு கட்டடத்தோடு முடிவதில்லை என்பதை அந்தச் சாலையில் வேலை செய்யும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

நாங்கள் தயாரித்தது கடைகளில் பில் போடும் மென்பொருள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் தியாகராய நகர் ஜவுளிக் கடைகளில் கூட்டம் நெரியும்போது எங்கள் சர்வர் திணறும். நள்ளிரவானாலும் என் கைபேசி அலறும். வாரத்தில் ஆறு நாள் வேலை. ஏழாவது நாள் விடுமுறைதான், ஆனால் கூப்பிட்டால் வந்தாக வேண்டும். மிகைநேர ஊதியம் என்ற பேச்சே கிடையாது. பதிலாக நிறுவனப் பங்கு தருவதாக ஒரு தாள் கொடுத்தார்கள். உரிய காலம் முடிவதற்குள் வேலை போனால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை என்பதும் அதிலேயே பொடி எழுத்தில் இருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை நிறுவனரும் மனிதவள அதிகாரியும் காணொளி அழைப்பில் வந்தார்கள். எதிர்பார்த்த முதலீடு வரவில்லை, உங்கள் பணியிடத்தையே எடுத்துவிடுகிறோம் என்றார்கள். அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே என் அலுவலக மின்னஞ்சல் முடங்கியது. சற்று நேரத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு கடிதம் வந்தது: சொந்தக் காரணங்களுக்காக நானே விலகுவதாக, என் பெயரில், அவர்களே எழுதிவைத்தது. அதில் கையெழுத்துப் போட்டால்தான் பாக்கிச் சம்பளமும் அனுபவச் சான்றிதழும். வாடகையும் வங்கித் தவணையும் கழுத்தை நெரிக்கும் ஒருவன் அங்கே கொள்கை பேச முடியுமா? போட்டேன்.

கணினியை அவ்வளவு வேகமாகப் பூட்டியவர்களுக்கு, இரவு எச்சரிக்கைப் பட்டியலில் இருந்து என் எண்ணை எடுக்கத் தோன்றவில்லை. வேலை போன பிறகும் அதிகாலை இரண்டு மணிக்கு ‘பணம் செலுத்தும் சேவை நின்றுவிட்டது’ என்று என் கைபேசி என்னை எழுப்பியது.

அடுத்த மாதம் புதிய எண்ணிலிருந்து ஒரு செய்தி. “அண்ணா, உங்கள் எண் ஒரு பழைய கோப்பில் கிடைத்தது. ஜி.எஸ்.டி. அறிக்கை எந்த சர்வரிலிருந்து போகிறது என்று சொல்ல முடியுமா?” கல்லூரி முடித்து அதிக காலம் ஆகாத பையன். எடுத்துவிட்டதாகச் சொன்ன அதே பணியிடம். சம்பளம் மட்டும் என்னுடையதைவிடக் குறைவு. பதவிப் பெயரும் அதேதான்: ‘பொறியியல் தலைவர்’. எனக்குக் கீழே யாரும் இருந்ததில்லை, அவனுக்குக் கீழேயும் யாரும் இல்லை. அவன்மேல் எனக்கு வருத்தமில்லை, கேட்டதைச் சொல்லிக்கொடுத்தேன்.

அந்தப் பதவிப் பெயர் வெறும் ஆடம்பரம் அல்ல, ஐயா. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்குப் பொருந்தாது. ஆகவே எல்லோரையும் தலைவர் ஆக்கிவிட்டால் சட்டத்துக்கு உட்பட்ட ஊழியர் என்று ஒருவரும் மிஞ்சமாட்டார்.

அந்தச் சட்டப்படி வேலைநேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. மிகைநேரத்தையும் சேர்த்து நாளுக்கு 10 மணியையும் வாரத்துக்கு 54 மணியையும் தாண்டக் கூடாது. மிகைநேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம். 41-ஆவது பிரிவு, ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்த ஒருவரை நியாயமான காரணமின்றி நீக்கக் கூடாது, ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான ஊதியமோ தர வேண்டும் என்கிறது. எங்கள் மென்பொருளில் பில் போடும் ஜவுளிக் கடைப் பெண்களுக்கு 2021-இல் உட்கார இருக்கை பெற்றுத் தந்ததும் இதே சட்டத்தின் திருத்தம்தான். இந்தச் சட்டம் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கும் உரியது என்பது எங்களில் பலருக்கே தெரியாது. ஐ.டி. ஊழியர்கள் சங்கம் அமைக்கலாம் என்று 2016-இல் தமிழக அரசே தெளிவுபடுத்தியதும் அப்படித்தான், பலர் காதுக்கு எட்டவில்லை.

இத்தனையையும் ஒரு வாட்ஸ்அப் ராஜினாமாக் கடிதம் செல்லாததாக்கிவிடுகிறது. நீக்கினால்தானே காரணம் கேட்பீர்கள்? நாங்கள்தான் ‘விலகிவிட்டோமே’. ஆட்குறைப்புச் செய்த நிறுவனம் ஓராண்டுக்குள் மீண்டும் ஆள் எடுத்தால் பழைய தொழிலாளிக்கே முன்னுரிமை என்று புதிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. அதுவும் இந்தக் கடிதத்தின் முன் நிற்காது.

புத்தொழில்களை நசுக்கச் சொல்லவில்லை. 2016-இல் தொடங்கிய ஸ்டார்ட்அப் இந்தியா திட்டம், குறிப்பிட்ட தொழிலாளர் சட்டங்களைப் பின்பற்றுவதாக நிறுவனமே சுயசான்று கொடுத்தால் போதும், எழுத்துப்பூர்வமான நம்பகமான புகார் வந்தால் ஒழிய சில ஆண்டுகளுக்கு ஆய்வு இல்லை என்று சலுகை தந்தது. மத்திய அரசின் அந்தப் பட்டியலில் கடைகள் சட்டம் இல்லை. அது மாநிலச் சட்டம், அதைச் செயல்படுத்துவது உங்கள் துறை. டான்சீட் போன்ற திட்டங்களில் தமிழக அரசு இந்த நிறுவனங்களுக்கு ஆதார நிதியும் தருகிறது. பணம் வாங்கும் நிறுவனம் வருகைப் பதிவையும் பணி விலகல் விவரத்தையும் உங்களுக்குத் தர வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்த்தால் யாருடைய கனவும் கலைந்துவிடாது. ‘பணியிடம் இல்லை’ என்று ராஜினாமா வாங்கிய நிறுவனம் அதே வேலைக்கு விளம்பரம் செய்தால், அதை விலகலாக அல்ல, பணிநீக்கமாக எடுத்து விசாரியுங்கள்.

என் புகாரைத் தனியே பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். காணொளி அழைப்பு வந்த நேரம், ராஜினாமாக் கடிதம் வந்த நேரம், பிறகு வெளியான வேலை விளம்பரம் ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். உறையைப் பிரிப்பவர் ‘பொறியியல் தலைவர்’ என்பதைப் பார்த்ததும் இது நம் வரம்பில் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடாமல், அந்தத் தலைவருக்குக் கீழே எத்தனை பேர் வேலை பார்த்தார்கள் என்று நிறுவனத்திடம் முதலில் கேட்க உத்தரவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மென்பொருள் ஊழியர்,
சென்னை.