ஊருணி தூர்வார ஊர்ச் சொந்தங்களிடம் கேட்கிறோம்

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நம்ம ஊர்ச் சொந்தங்கள் எல்லாருக்கும் ஊருணிக் கமிட்டியின் வணக்கம். பணம் கேட்டுத்தான் எழுதுகிறோம்.

போன தடவை தூர்வாரியபோது ஊரில் அறுபது தலைக்கட்டு, வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு இறங்கினார், வேலை முடிந்தது. இப்போது அடுப்பு எரிவது 22 வீட்டில், அதிலும் பாதிக்கு மேல் கிழடுகட்டைகள் (கோபித்துக்கொள்ள வேண்டாம், இதை எழுதுகிறவனும் அதில் ஒருத்தன்தான்).

சாயல்குடிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற நம்ம மண்ணில் போர் போட்டால் உப்புத்தான் வரும், உங்களுக்குத் தெரியாததா. காவிரித் தண்ணீர் குழாயில் வருகிற நாளில் வருகிறது. வராத நாளில் டிராக்டர் தண்ணீர், குடம் 10 ரூபாய், அதுவும் இந்த நாலு வீட்டுக்காக உள்ளே வர வண்டிக்காரர் யோசிப்பதால் தள்ளுவண்டியில் குடத்தை அடுக்கிக்கொண்டு மெயின் ரோடு வரைக்கும் போக வேண்டியிருக்கிறது. 2023-ல் நம்ம முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள், சந்தோஷம். அந்த மிளகாயைப் பறிக்கிற பொம்பளைகள்தான் விடியுமுன்னே இந்த வண்டியையும் தள்ளுகிறார்கள்.

ஊருணி நிறைந்தால் சித்திரை வரைக்கும் கவலையில்லை. ஆனால் வரத்துக்கால் முழுக்கச் சீமைக் கருவேலம், பெய்கிற மழை ஓடையில் இறங்கிக் கடலுக்குப் போய்விடுகிறது. முதலில் அதை வேரோடு பிடுங்க வேண்டும், அப்புறம் வண்டலை அள்ளிக் கரையை உயர்த்தி, ஆடுமாடு இறங்காமல் முள்கம்பி வேலி. இன்னும் ஆழமாகத் தோண்டலாமே என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம், அடிக் களியை உடைத்தால் கீழேயிருந்து உப்புத்தண்ணீர் ஏறிவிடும், வண்டல் தீர்ந்த இடத்தில் நிறுத்திவிடுவோம்.

ஜேசிபி, டிராக்டர், வேலி எல்லாம் சேர்த்து 2,50,000 ரூபாய் ஆகும். இங்கே வீட்டுக்கு 3,000 வரி போட்டதில் 66,000 வரும். மீதி 1,84,000-க்கு உங்களைத்தான் நம்பியிருக்கிறோம். வெளியூர்க்காரர்களுக்கு வரி என்று எதுவும் போடவில்லை, 500 அனுப்பினாலும் சரி, ஒரு நாள் ஜேசிபி வாடகையை ஏற்றுக்கொண்டாலும் சரி. பணம் முடியாதவர்கள் இரண்டு நாள் லீவு போட்டு வாருங்கள், வேலிக்குக் கல் ஊன்ற ஆளில்லை.

போன வசூலில் கணக்குச் சரியாகக் காட்டவில்லை என்று சிலருக்கு மனத்தாங்கல், அது நியாயம்தான். இந்த முறை மூன்று பேர் கையெழுத்துப் போட்டால்தான் வங்கியில் பணம் எடுக்க முடியும். வரவு செலவு பிள்ளையார் கோயில் சுவரில் ஒட்டப்படும், வாட்ஸ்அப்பிலும் வரும். கல்லில் பேர் வெட்டுகிற வேலை மட்டும் கிடையாது, அந்தக் காசுக்கு இன்னும் நாலு டிராக்டர் வண்டல் அள்ளலாம்.

ஐப்பசி மழைக்கு முன்னால் முடிக்க வேண்டுமென்றால் புரட்டாசி பிறந்ததும் ஜேசிபி இறங்கியாக வேண்டும். அதனால் ஆவணிக்குள் அனுப்பிவிடுங்கள். வங்கி விவரம் கமிட்டியில் யாரைக் கேட்டாலும் போனில் சொல்வார்கள்.