பழைய முனை

அன்பு மகளுக்கு,

அன்றைக்கு போனில் சிரித்துக்கொண்டே கேட்டாயே, "பாக்டீரியாவுக்கு வயசாகுமா அம்மா? ரெண்டா பிரிஞ்சிடுது, அதுல யாரு கிழவி, யாரு குமரி?" என்று. அதற்குள் லேபில் பாக்டீரியா வளர்க்கும் இன்குபேட்டரின் அலாரம் அடித்துவிட்டது. பாதியில் விட்ட பேச்சை இப்போது எழுதி முடிக்கிறேன்.

நான் படித்த காலத்திலும் பாக்டீரியாவுக்குச் சாவு உண்டு, மூப்பு கிடையாது என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். இ.கோலி என்பது நம் குடலில் வாழும் ஒரு பாக்டீரியா. அதன் ஒரு செல்லை முனை மழுங்கிய சின்னக் குச்சி என்று வைத்துக்கொள். அது நடுவில் பிரிந்தால், இரண்டு துண்டுக்கும் பிரிந்த பக்கம் புது முனை, மறு பக்கம் பழைய முனை. அடுத்த பிரிவில் அந்தப் பழைய முனை ஒரு பிள்ளைக்குத்தான் போகும். இப்படியே போனால் ஏதோ ஒரு செல் பல தலைமுறைப் பழைய முனையைச் சுமந்துகொண்டிருக்கும். 2005-ல் எரிக் ஸ்டூவர்ட் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் சுமார் 35,000 செல்களைப் படம்பிடித்துப் பின்தொடர்ந்தார்கள். பழைய முனைக்காரிகள் தலைமுறைக்குத் தலைமுறை கொஞ்சம் மந்தமாக வளர்ந்தார்கள். ஆக, கிழவி இருக்கிறாள்!

ஐந்து வருடம் கழித்து வேறொரு குழு மறுத்துப் பேசியது. அவர்கள் கருவியின் பெயர் 'மதர் மெஷின்'. நுண்ணிய சந்து ஒன்றின் மூடிய கடைசியில் தாய் செல் இருக்கும். பிறக்கிற பிள்ளைகள் வாசலுக்குத் தள்ளப்பட்டு ஓட்டத்தோடு போய்விடும். (உன்னை விமானம் ஏற்றிவிட்டு வீடு திரும்பிய நாள் எனக்கு ஞாபகம் வந்தது, போ.) நூற்றுக்கணக்கான தலைமுறை ஆகியும் தாயின் வேகம் குறையவில்லை, ஆனால் வயது ஏற ஏறச் சாவு கூடியது. எது சரி என்று என்னைக் கேட்காதே. செல் எவ்வளவு நெருக்கடியில் இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பதில் மாறுகிறது.

எனக்குப் பிடித்தது இதற்கு அடுத்த பகுதி. கெட்டுப்போன புரதங்கள் கட்டியாகத் திரண்டு அந்தப் பழைய முனையில் தேங்கும். இப்படிக் கட்டி சேர்ந்த செல் சில நேரம் வளர்ச்சியை நிறுத்திவிட்டு உறங்கிப்போகும். பென்சிலின் வகை மருந்துகள் கெடுப்பது செல் சுவர் கட்டும் வேலையைத்தான். உறங்குகிறவள் சுவரே கட்டவில்லையே, மருந்து எதைக் கெடுக்கும்?

இது தெரியாமல் நான் பட்ட பாடு! ஆராய்ச்சிக்குச் சேர்ந்த முதல் வருடம் இ.கோலியில் பென்சிலின் வகை மருந்தான ஆம்பிசிலின் விட்டு, சில மணி நேரம் கழித்துக் கழுவி, மருந்து இல்லாத அகார் கூழ்த் தட்டில் பரப்பினேன். தட்டு வெறுமையாக இருக்கும் என்று நினைத்தேன். மறுநாள் ஏழு காலனி (பிழைத்த செல் ஒன்று பெருகி உண்டாக்கும் கூட்டம்), வெள்ளைப் பொட்டு வைத்த மாதிரி. கை சுத்தமில்லை என்று திட்டு விழுந்தது. தட்டை ஆட்டோகிளேவ் பையில், அதாவது நீராவியில் கிருமி கொல்லும் குப்பைப் பையில், போட்டேன். அடுத்த தடவை ஐந்து. அதையும் போட்டேன். மூன்றாவது தடவை வீம்புக்கு ஒரு காலனியைத் தொட்டு வளர்த்து, அதே மருந்தை விட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லாம் செத்தது, மறுபடி ஒரு சில மட்டும் மிஞ்சின. எதிர்ப்பு பெற்ற செல்லாக இருந்தால் அதன் பிள்ளைகள் மொத்தமும் பிழைத்திருக்க வேண்டும். இவை தூங்கித் தப்பியவை, அவ்வளவுதான். 1944-லேயே ஜோசப் பிக்கர் என்ற ஆய்வாளர் இதைப் பார்த்து 'பெர்சிஸ்டர்' என்று பெயரும் வைத்துவிட்டார் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. இரண்டு தட்டைக் குப்பையில் போட்டவள் நான்.

தூங்கித் தப்பிய செல் எழுந்து பெருகும்போது மரபணுவில் ஒரு மாற்றம் விழுந்தால் நிஜமான எதிர்ப்பு அங்கே தொடங்கலாம். பிளாஸ்மிட் என்ற தனி டி.என்.ஏ. வளையத்தில் ஏறிய எதிர்ப்பு மரபணு என்றால் பக்கத்து செல்லுக்கும், வேறு இனத்துக்கும்கூடக் கைமாறிவிடும். 2019-ல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் நேரடியாக இறந்தவர்கள் சுமார் 12.7 லட்சம் பேர் என்பது மதிப்பீடு.

அதனால்தான் உன் அலமாரியில் மிச்சம் இருக்கும் அந்த ஆன்டிபயாடிக் அட்டையைப் பற்றி நச்சரிக்கிறேன். சளிக்குக் காரணம் வைரஸ், அதை அந்த மாத்திரை தொடாது. உன் குடலில் சும்மா இருக்கிற பாக்டீரியாவில் அடங்குகிறதைக் கொன்று, அடங்காததுக்கு இடம் ஒழித்துக் கொடுக்கும். அட்டையை மருந்துக்கடையில் கொடுத்துவிடு, குப்பையில் போடாதே.

லேபுக்குப் போனது போதும் என்கிறாய். சரி, யோசிக்கிறேன். இப்போதைக்கு 37 டிகிரியில் பன்னிரண்டு தட்டு உட்கார்ந்திருக்கிறது. நாளைக் காலையில் எண்ணிவிட்டு, எத்தனை பேர் தப்பினார்கள் என்று போனில் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா