வேர்ச் சொத்தைக்கு டிரில் இல்லாத சிகிச்சை

ஐயா,

அறுபதைக் கடந்தவர்களுக்கு ஈறு இறங்கி வெளியே தெரியும் பல்வேரில் சொத்தை விழுவது மிகச் சாதாரணம். பல்லின் கடினமான மேலுறையான எனாமல் வேரின் மேல் கிடையாது. எனாமல் கரைய வாயின் பிஹெச் அளவு (இது இறங்க இறங்க அமிலம் கூடும்) சுமார் 5.5-க்கு இறங்க வேண்டும். வேரோ 6-க்கு மேல் இருக்கும்போதே கரையத் தொடங்கும். இரத்த அழுத்தத்துக்கும் மனச்சோர்வுக்கும் சாப்பிடும் சில மாத்திரைகளால் எச்சிலும் குறைந்துவிட்டால், டீயில் தோய்த்துத் தின்னும் பிஸ்கட்டே பல்லைத் தின்றுவிடும்.

இவர்களிடம் பெரும்பாலும் சொல்லப்படுவது இரண்டு: பிடுங்குவது, அல்லது குடைந்து அடைப்பது. மூன்றாவதாக 38 சதவீத சில்வர் டயமைன் ஃபுளோரைடு என்ற திரவம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. வெள்ளி கிருமியைக் கொல்லும். ஃபுளோரைடு மெத்துப்போன பகுதியை இறுகச் செய்யும்.

பல் மருத்துவர் இதைத் தடவும் முறை எளிது. உதட்டிலும் ஈறிலும் வாஸ்லின் தடவி, பல்லைச் சுற்றிப் பஞ்சு வைத்து, ஈரம் போகத் துடைக்க வேண்டும். மருந்தைப் பிளாஸ்டிக் கிண்ணத்தில்தான் ஊற்ற வேண்டும். கண்ணாடியையும் உலோகத்தையும் அது அரிக்கும். ஒரு துளி ஐந்து பற்கள் வரை போதும். சிறு பிரஷால் தொட்டு வைத்து, ஒரு நிமிடம் ஊற விட்டு, மிச்சத்தை ஒற்றி எடுத்தால் முடிந்தது. எச்சில் கலந்தால் மருந்து நீர்த்துவிடும். பலன் கிடைக்காமல் போவதற்கு அதுவே முக்கியக் காரணம். சில வாரங்களில் சொத்தை கறுத்துக் கெட்டிப்பட வேண்டும். கருவியால் தொடும்போது இன்னும் மெத்தென்றிருந்தால் மறுபடி தடவ வேண்டும். அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

அந்தக் கறுப்பு போகாது. இதை முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்காமல் முன்பற்களில் தடவுவது தவறு. குழி ஆழமாக இருந்தால் மேலே கிளாஸ் அயனோமர் சிமெண்ட் என்ற, பல்லில் ஒட்டிக்கொள்ளும் அடைப்புப் பொருளால் அடைக்கலாம். குழைத்த சிமெண்ட் பளபளப்பை இழக்குமுன் வைத்து அழுத்த வேண்டும், இல்லையேல் ஒட்டாது. தானாகவே வலிக்கும் பல், இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, ஈறில் சீழ்க்கட்டி, வெள்ளி ஒவ்வாமை ஆகியவை இருந்தால் இந்த மருந்து கூடவே கூடாது.

வீட்டில், ஃபுளோரைடு உள்ள பற்பசைதானா என்று டியூபில் பார்த்து வாங்குங்கள். துலக்கியபின் நுரையைத் துப்பினால் போதும், வாய் கொப்பளிக்க வேண்டாம்.

சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்க வீடு தேடிச் செல்லும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ குழுவினருடன், படுக்கையிலிருக்கும் முதியோருக்காக மாதம் ஒரு நாளாவது பல் மருத்துவரையும் அரசு அனுப்ப வேண்டும். இந்தச் சிகிச்சைக்கு நாற்காலியோ மின்சாரமோகூடத் தேவையில்லை.

– முதியோர் பல் சிகிச்சையில் ஈடுபட்டுள்ள பல் மருத்துவர்கள், திருச்சி