ஒரே நினைவை இரண்டு முறை கேட்காதீர்கள்

உணவு உட்கொள்ளல் வினாத்தாள்களைத் தயாரிக்கும் ஆய்வுக் குழுக்களுக்கு,

வணக்கம். உங்கள் வினாத்தாளோடு வீடு வீடாகப் போய், ‘போன ஒரு வருடத்தில் இதை எத்தனை முறை சாப்பிட்டீர்கள்?’ என்று கேட்பவர்களில் நானும் ஒருத்தி.

அந்தந்தச் சமூகம் சாப்பிடுவதைப் பட்டியலில் சேர்த்து, அவர்கள் மொழியிலேயே கேட்கிறீர்கள். பட்டியலில் இல்லாத உணவு கணக்கிலும் வராது என்பதால் அந்த உழைப்பு தேவைதான். ஆனால் பட்டியல் பொருந்திவிட்டால் பதிலும் சரியாகிவிடும் என்று எடுத்துக்கொள்கிறீர்களே, அதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

ஓர் அம்மாவிடம் “எத்தனை கிண்ணம்?” என்று கேட்டேன். நீங்கள் கொடுத்தனுப்பிய கிண்ணப் படத்தையும் காட்டினேன். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, மீந்ததைச் சமைத்த பாத்திரத்திலேயே சாப்பிடுபவர் அவர். கிண்ணம் என்ற பேச்சே இல்லை. படத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். “ஒண்ணுன்னு போட்டுக்கோம்மா” என்றார். போட்டுக்கொண்டேன். அந்த ‘ஒன்று’ உங்கள் மென்பொருளில் கிராமாகி, கலோரியாகி, தசமப் புள்ளியோடு வெளியே வந்திருக்கும்.

அடுத்தது சரிபார்ப்பு. சில நாள் கழித்து அதே அம்மாவிடம் ‘நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?’ என்று கேட்கச் சொல்கிறீர்கள். எல்லோருடைய பதில்களையும் இப்படி ஒப்பிட்டு, ஒட்டுறவுக் கெழு (இரண்டு பதில்களும் எந்த அளவு சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்று காட்டும் எண்) 0.5-ஐத் தாண்டினால் வினாத்தாள் தேறிவிட்டது என்கிறீர்கள். இரண்டு பதிலும் வருவது ஒரே நினைவிலிருந்து, ஒரே கூச்சத்திலிருந்து. இரண்டிலும் குறைத்துச் சொன்னால் இரண்டும் ஒத்துத்தானே போகும்? ஊரே சாப்பிட்டதில் சரிபாதியை மட்டும் சொன்னாலும் கெழு 1 என்றுதான் வரும். ஒட்டுறவு வேறு, ஒத்துப்போவது வேறு என்று புள்ளியியலாளர்கள் பிளாண்டும் ஆல்ட்மனும் 1986-லேயே எழுதிவிட்டார்கள்.

அமெரிக்காவில் நடந்த ‘ஓப்பன்’ ஆய்வு நினைவை நம்பவில்லை. 40 முதல் 69 வயது வரையிலான 484 பேரின் உடல் செலவிட்ட ஆற்றலை, இரட்டைக் குறியிட்ட நீரை (ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் அடையாளம் காணும்படி குறியிடப்பட்ட நீர்) குடிக்கக் கொடுத்து அளந்தார்கள். எடை மாறாதவரை செலவிட்டதும் சாப்பிட்டதும் ஏறக்குறைய ஒன்றுதான். 2003-ல் வெளியான முடிவின்படி, வினாத்தாளில் ஆண்கள் 31–36 சதவீதமும் பெண்கள் 34–38 சதவீதமும் ஆற்றலைக் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். முந்தைய நாள் உணவைக் கேட்டபோதும் குறைவுதான்: ஆண்கள் 12–14, பெண்கள் 16–20. எதை உரைகல்லாக வைத்திருக்கிறீர்களோ, அதுவே தேய்ந்த கல்.

அந்த நீர் விலை அதிகம், தெரியும். 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்துச் சோதிக்க அவ்வளவு ஆகாது. சாப்பிட்ட புரதத்தின் நைட்ரஜனில் சுமார் 80 சதவீதமும், உப்பின் சோடியத்தில் சுமார் 90 சதவீதமும் அதில் வந்துவிடுகின்றன. ஒரு தடவை பிடிக்க மறந்தாலும் கணக்கு கெடும் என்பது உண்மை. அதைக் கண்டுபிடிக்கப் பாபா (PABA) மாத்திரை இருக்கிறது: விழுங்கியது ஏறக்குறைய முழுதும் சிறுநீரில் வந்துவிடும், குறைந்தால் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. எல்லோரிடமும் வேண்டாம், ஒரு சிறு பிரிவினரிடம் மட்டுமாவது செய்யுங்கள். கேன் சுமக்க நான் தயார்.

அந்தச் சிறு பிரிவு உங்கள் அலுவலக ஊழியர்களாக இருக்க வேண்டாம். வினாத்தாள் யாருக்காகவோ, சோதனையும் அவர்களிடமே நடக்கட்டும்.

இன்னொன்று. ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் ‘கேள்வி பொருந்தவில்லை’ என்று ஒரு கட்டம் போட்டுக் கொடுங்கள். இப்போதைக்கு ஓரத்தில் பென்சிலால் எழுதிவைக்கிறேன். கணினியில் ஏற்றுபவர்கள் அதைப் பார்ப்பதில்லை.

இப்படிக்கு,
களப்பணியாளர் ஒருத்தி